எங்கள் வரப்பு எலி

எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஜெயங்கொண்டத்தில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருக்கிறேன். மகளிர் குழுக் கூட்டத்தில் பெயரைச் சொல்லச் சொன்னால்கூட எனக்காகப் பக்கத்தில் இருப்பவள்தான் சொல்வாள். அப்படிப்பட்டவள் நான்கு பேர் படிக்கும்படி எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு ஒருமுறை என் செல்போன் சிணுங்குகிறது. அரசாங்கம் என் கணக்கில் பணம் போட்டிருக்கிறது என்று அர்த்தம். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் அந்தச் சத்தம் கேட்டதும் ஒரு எலி ஞாபகத்துக்கு வரும். இதை வாயால் யாரிடமும் சொல்ல முடிந்ததில்லை. அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் ஊர் ஆண்டிமடம் போகும் வழியில் இருக்கிறது. அப்பாவுக்கு அங்கே கடலைக்கொல்லை இருந்தது. அதை ஒட்டி முந்திரிக்கொல்லை. முந்திரிக்கொல்லையின் மூலையில் ஒரு குடிசை. அதில் ஓர் இருளர் குடும்பம் காவலுக்கு இருந்தது. புருஷன், பெண்டாட்டி, பச்சையம்மா என்று ஒரே மகள். பச்சையம்மாவுக்கு என் வயதுதான். ஐந்தாம் வகுப்பில் இருவரும் ஒன்றாகப் படித்தோம். பள்ளிக்கூடத்தில் என்னை அவள் "வாடி" என்பாள். கொல்லையில், அதிலும் அப்பா பக்கத்தில் இருந்தால், "வாங்க" என்பாள். நாங்கள் இருவருமே அதை விசித்திரமாக நினைத்ததில்லை.

அவளுடைய அப்பாவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பேசத் தெரிந்த நாளிலிருந்து நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். வீட்டில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவரோ என்னைப் "பாப்பா" என்பார், "வாங்க, போங்க" என்பார். இப்போது அந்தப் பெயரை எழுதப் போனால் கை நின்றுவிடுகிறது. பச்சையம்மாவின் அப்பா என்றே எழுதுகிறேன்.

அந்த வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பெரம்பலூரிலிருந்து ஒரு டீச்சர் மாற்றலாகி வந்தார். இரண்டு பஸ் மாறி வருவார். வந்ததும் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரிப்பார். நான் முதல் ரேங்க். முதல் வரிசையில் உட்காருவேன். ஒருநாள் டீச்சர் தன் தலையில் இருந்த மல்லிகையில் கொஞ்சம் கிள்ளி என் தலையில் வைத்துவிட்டார். காய்ந்து உதிரும்வரை அந்தப் பூவை நான் தமிழ்ப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். டீச்சர் எனக்குத்தான் சொந்தம் என்பது அன்றோடு என் மனதில் முடிவாகிவிட்டது.

தை மாதம் போல டீச்சர் ஒரு சேதி சொன்னார். பழங்குடிப் பெண் பிள்ளைகள் படிப்பைப் பாதியில் விட்டுவிடக் கூடாது என்பதற்காக அரசாங்கம் வருஷா வருஷம் பணம் தருகிறதாம். வகுப்பில் அப்படி இருந்தவள் பச்சையம்மா ஒருத்திதான். அவள் வீட்டில் ஐந்தாவதோடு நிறுத்துவதாக இருந்தார்கள். ஆறாவதுக்கு ஆண்டிமடம் போக வேண்டும். பஸ், துணி, நோட்டு என்று செலவு இருக்கிறது. அந்தப் பணம் வந்தால் போகலாம். ஆனால் பணம் வருவதற்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். அவர்கள் பரம்பரையில் யாரும் அந்தக் காகிதத்தைப் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து டீச்சர் வாயில் "பச்சையம்மா, இங்க வா" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. மனு எழுத பச்சையம்மா. கையெழுத்துப் போட்டுப் பழக பச்சையம்மா. கடைசி வரிசையில் இருந்தவளை எழுப்பி என் பக்கத்தில் உட்கார வைத்தார். ஒரு சனிக்கிழமை தன் கைக்காசைப் போட்டு அவளை ஜெயங்கொண்டத்துக்குக் கூட்டிப்போய் போட்டோ எடுத்தார். ஸ்டூடியோவில் பவுடர் போட்டார்களாம். தலையை டீச்சரே சீவிவிட்டாராம். வரும்போது பேக்கரியில் கிரீம் பன் வாங்கிக் கொடுத்தாராம். திங்கட்கிழமை பச்சையம்மா அந்தப் போட்டோவை ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் வைத்துக் கொண்டுவந்து காட்டினாள். போட்டோவில் அவள் தலையில் மல்லிகை இருந்தது. அது யார் கொடுத்த பூ என்று நான் கேட்கவில்லை.

"நல்லா இருக்காடி?" என்றாள்.

"மூஞ்சி ஒரு பக்கமா இருக்கு" என்றேன்.

அதுவரை என்னை யாரும் போட்டோ எடுத்ததில்லை. வீட்டில் கேட்டேன். "நீ என்ன கல்யாணப் பொண்ணா?" என்று அம்மா சிரித்தாள். பச்சையம்மாவுக்கு மட்டும் அரசாங்கம் பணம் தருகிறதாமே, எனக்கு ஏன் தரவில்லை என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நம்மளுக்கு எவன் குடுப்பான்? வெயில்ல காஞ்சு வெவசாயம் பண்ணுறவனுக்கு ஒரு பென்சில் குடுப்பானா?" என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, "அந்தப் புள்ளய ஆண்டிமடத்துக்கு அனுப்பிட்டா முந்திரி பொறுக்க ஆள் யாரு?" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பா எதையும் வேடிக்கையாக்கிவிடுவார். "ஒரு காலத்துல எலி வாலுக்கே கவர்மெண்டு காசு குடுத்துச்சு அண்ணே. கொல்லையில எலி அதிகமாப் போச்சுன்னு. வாலைக் கட்டாக் கட்டி ஆபீஸ்ல கொண்டு போடுவானுவ. மனுசனுக்குத்தான் ஒண்ணும் கெடையாது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எலி வாலுக்குக் காசு என்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

மாசி பிறந்து பத்து நாள் இருக்கும். டீச்சர் பச்சையம்மாவிடம் சொன்னதைப் பக்கத்தில் இருந்து நானும் கேட்டேன். வியாழக்கிழமை டவுனிலிருந்து ஒரு ஆபீசர் விசாரணைக்கு வருகிறார். இவர்கள் உண்மையில் இருளர்தானா என்று பார்ப்பார். அவர் கண் முன்னால் பச்சையம்மாவின் அப்பா எலி பிடித்துக் காட்ட வேண்டும். வேறு எந்தக் காகிதமும் இல்லாதவர்களுக்கு அதுதான் காகிதம் என்று டீச்சர் சொன்னார். அதன் அர்த்தம் எனக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது வேறு. ஆபீசர் வருகிறார், எலியைக் காட்டினால் அரசாங்கப் பணம். சித்தப்பா சொன்னதும் இதுவும் சரியாகப் பொருந்திப் போயிற்று.

அன்று மாலை பச்சையம்மா என்னைக் கொல்லைக்குக் கூட்டிப்போய் ஒரு ரகசியம் காட்டினாள். கடலைக்கொல்லைக் கிழக்கு வரப்பில் ஒரு எலிவளை. வாயருகில் புது மண் குவிந்திருந்தது.

"உள்ள ஒரு கெழட்டு எலி இருக்கு. பூனை மாதிரி. எங்கப்பா இதை ஆபீசருக்குன்னே உட்டு வெச்சிருக்காரு" என்றாள்.

"ஓடிப்போயிட்டா?"

"எங்க ஓடும்? எங்கப்பா தெனம் நாலு கடலை வளை வாயில வெக்கிறாரு. மாப்பிள்ள மாதிரி குந்திக்கிட்டுத் திங்குது."

பானையின் அடியில் ஓட்டை போட்டு, வைக்கோலைக் கொளுத்தி, வளை வாயில் கவிழ்த்து ஊத வேண்டும், புகை தாங்காமல் எலி வெளியே வரும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். வெள்ளி வளையல் போடப்போகிறவள் போல இருந்தது அவள் முகம். நான் வளையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எங்கள் கொல்லை. எங்கள் வரப்பு. எங்கள் கடலையைத் தின்று கொழுத்த எலி. இதைக் காட்டி இவள் எப்படிப் பணம் வாங்கலாம்? நியாயம் முழுவதும் என் பக்கம் இருப்பதாகவே எனக்குத் தோன்றியது. ஆபீசர் கையில் எலியை நான் கொடுப்பேன். டீச்சர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். அதன் பிறகு என்னையும் போட்டோ எடுத்துத்தான் ஆக வேண்டும்.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் பிளாஸ்டிக் குடம் ஒன்றையும் மூடி போட்ட கூடை ஒன்றையும் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். பச்சையம்மா வீட்டார் முந்திரிக்கொல்லையில் அந்தப் பக்கம் சருகு கூட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பானை வைத்து ஊதத் தெரியாது. எறும்புப் புற்றில் தண்ணீர் ஊற்றினால் எறும்பு வெளியே வருகிறதே, எலியும் வராதா? மோட்டார் வாய்க்காலில் மொண்டு மொண்டு ஊற்றினேன். வளை குடித்துக்கொண்டே இருந்தது. ஐந்தாவது குடமோ ஆறாவது குடமோ, வளை வாயில் நுரை வந்தது. கூடையை அங்கே பிடித்துக்கொண்டு குனிந்தேன்.

எலி அந்த வழியாக வரவில்லை. எனக்குப் பின்னால், மூன்று முழம் தள்ளி, வெறும் மண் என்று நினைத்த இடம் திடீரென்று உடைந்தது. எலி அதிலிருந்து பாய்ந்து என் பாதத்தின் மேல் ஏறி இறங்கி முந்திரிச் சருகுக்குள் போய்விட்டது. நான் கத்திக்கொண்டு சேற்றில் விழுந்தேன். வளைக்குப் பின்வாசல் ஒன்று இருக்கும், முதலில் அதை அடைக்க வேண்டும் என்பது இருளர் வீட்டில் நடக்கத் தெரிந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். முதல் ரேங்க் வாங்கிய எனக்குத் தெரியவில்லை.

பாவாடையை வாய்க்காலில் அலசிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். எனக்குக் கிடைக்காத எலி அவளுக்கும் இல்லை என்று நினைத்தபோது உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது, சொல்லிவிடுகிறேன்.

இங்கே என் செருப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொங்கலுக்கு அப்பா ஜெயங்கொண்டத்தில் வாங்கிக் கொடுத்த ரப்பர் செருப்பு. அடியில் குதிகால் பக்கம் ஒரு பூ அச்சு இருக்கும். ஈர மண்ணில் மிதித்தால் பூ விழும். அப்படி ஒரு செருப்பு ஊரில் வேறு யாருக்கும் இல்லை. பச்சையம்மாவுக்குச் செருப்பே இல்லை.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஜீப் வந்தது. கொல்லை எங்களுடையது என்பதால் டீச்சர் என்னையும் கூட்டிக்கொண்டார். முந்திரி நிழலில் அப்பா நாற்காலி போட்டு, ஆபீசருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். ஊர் ஆட்கள் பத்துப் பேரும் பள்ளிக்கூடப் பையன்கள் சிலரும் கூடிவிட்டார்கள். பச்சையம்மா எண்ணெய் வைத்துச் சீவியிருந்தாள். அவள் அப்பா துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு, பானையையும் சின்ன மண்வெட்டியையும் எடுத்து வந்தார்.

"எவ்ளோ நேரம் ஆவும்?" என்றார் ஆபீசர்.

"தோ ஒரு நிமிசம் சாமி."

பச்சையம்மாவின் அப்பா வளைக்கு நான்கடி முன்பாகவே நின்றுவிட்டார். கிழக்கு வரப்பு கரைந்து சரிந்திருந்தது. அவர் குனியவில்லை. கண் மட்டும் மண்ணில் மெதுவாக நகர்ந்தது. வளை வாய், உடைந்த பின்வாசல், நான் விழுந்த இடம். பிறகு தலையைத் தூக்கி, அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். முகத்தை அல்ல, காலை. செருப்பின் ஓரத்தில் சேறு காய்ந்திருந்தது.

டீச்சரும் பார்த்துவிட்டார், ஆனால் வளையை மட்டும்தான். "சார், யாரோ தண்ணி ஊத்திக் கெடுத்திருக்காங்க சார். ஈர மண்ணு, கால் தடம் இருக்கும், பாக்கலாம்" என்று சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் இறங்கினார்.

அதற்குள் பச்சையம்மாவின் அப்பா இரண்டு எட்டு வைத்து முன்னால் போனார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மண்ணைச் சோதிப்பவர் போல உள்ளங்கையால் அந்த இடத்தைத் தடவித் தடவிச் சமப்படுத்தினார். பிறகு எழுந்தார்.

"நாந்தாங்க ஊத்துனேன் சாமி. மண்ணு எளகட்டும்னு" என்றார்.

டீச்சர் அப்படியே நின்றார். பச்சையம்மா, "இல்லப்பா, நீ எங்க..." என்று ஆரம்பித்தாள். அவர் திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

ஆபீசர் இளநீரைக் கீழே வைத்தார். "நானும் பத்து ஊர்ல பாத்துட்டுத்தான்யா வரேன். இருளன் பொக போடுவான். எந்த இருளனாவது எலி வளைக்குத் தண்ணி ஊத்துவானா? அதுகூடத் தெரியல, இவன் இருளன்னு நான் கையெழுத்துப் போடணுமா?" என்றார். கூட்டம் சிரித்தது. "வரப்பக் கரைச்சு வெச்சிருக்கியேடா, அறிவிருக்கா?" என்று அப்பா தன் பங்குக்குக் கத்தினார்.

"சார், இன்னொரு வளை பாக்கச் சொல்லலாம் சார். ஒரு அரை மணி நேரம்" என்று டீச்சர் கெஞ்சினார். அவர் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. பச்சையம்மாவின் அப்பா மறுபேச்சுப் பேசாமல் முந்திரி ஓரத்தில் வேறு வளையைத் தேடிப் போய்ப் பின்வாசலை அடைத்து, பானையைக் கவிழ்த்து ஊதத் தொடங்கிவிட்டார். டீச்சர் பச்சையம்மாவைத் தன்னோடு அணைத்துக்கொண்டு நின்றார். அவர் கை அவள் தோளில் இருந்தது. இவ்வளவு நடந்த பிறகும் நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது என் தோளில் இல்லையே என்றுதான் இருந்தது.

ஆபீசர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். "அடுத்த ஊருக்குப் போவணும்மா. பின்னால பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் முந்திரிக்கொல்லை முனை திரும்பக்கூட இல்லை, அதற்குள் எலி வந்தது. பச்சையம்மாவின் அப்பா அதைக் கையாலேயே பிடித்தார். பச்சையம்மா அதை அவர் கையிலிருந்து பிடுங்கி, வாலைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஜீப்புக்குப் பின்னால் ஓடினாள்.

"சார், எலி சார்! சார், எலி சார்!"

செம்மண் புழுதி அவளை மூடிவிட்டது. புழுதிக்கு மேலே கையும் எலியும் மட்டும் தெரிந்தன. பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் ரொம்ப தூரம் ஓடினாள். திரும்பி வந்தபோது எண்ணெய்த் தலையெல்லாம் மண். எலி அப்போதும் அவள் கையில் உயிரோடு துள்ளிக்கொண்டிருந்தது.

பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னவர் பிறகு வரவில்லை. டீச்சர் இரண்டு முறை டவுனுக்கு அலைந்தார். கோடை விடுமுறைக்குப் பிறகு அவருக்குச் சொந்த ஊர்ப் பக்கமே மாற்றல் வந்தது. ஆனியில் நான் ஆறாம் வகுப்புக்கு ஆண்டிமடம் பஸ் ஏறியபோது பச்சையம்மா முந்திரி உடைக்கப் போய்க்கொண்டிருந்தாள். முந்திரித் தோட்டில் ஒரு பால் இருக்கிறது. பட்ட இடம் கறுத்துத் தோல் உரியும். சில வருஷங்கள் கழித்து அவளைச் சந்தையில் பார்த்தேன். இரண்டு உள்ளங்கையும் கறுப்பாக இருந்தன. அவள் "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டாள். பக்கத்தில் என் அப்பா இல்லை. ஆனாலும் அப்படித்தான் கேட்டாள்.

ஆறாவதில் சேர எனக்கும் சாதிச் சான்றிதழ் கேட்டார்கள். அப்பா ஒரு மத்தியானம் போய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். எங்களை யாரும் எதையும் பிடித்துக் காட்டச் சொல்லவில்லை.

பச்சையம்மாவின் அப்பா ஏன் அந்தப் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டார்? எங்கள் இடத்தில் குடிசை, எங்கள் அப்பாவிடம் காவல் வேலை. அந்தப் பயமாக இருக்கலாம். பத்து வயதுப் பிள்ளையை ஊர் நடுவில் நிறுத்த மனம் வராததாகவும் இருக்கலாம். எது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. அன்று நான் இந்தக் கேள்விகள் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை. அவருக்குத் தடம் பார்க்கத் தெரியவில்லை, நான் தப்பித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் அவர் எங்கள் வீட்டுக்கு விறகு கொண்டுவந்து போட்டார். நான் பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். "பாப்பா, செருப்புல சேறு ஒட்டியிருக்கு. கழுவிப் போட்டுக்கிட்டுப் போங்க" என்றார். கழுவிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.